கழுகுக் கண்ணும் பாட்டில் மையும்

என் கடைக்கு ஆசைப்பட்டு வந்தவர் என்று யாரும் கிடையாது. எதிர்ப்பக்கம் அரசு அலுவலகம். அங்கே வரிசையில் நின்று நின்று கவுண்ட்டரை எட்டியதும் "போட்டோ எங்கே?" என்று கேட்பார்கள். வந்தவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு சாலையைக் கடந்து என் ஸ்டூலில் வந்து உட்காருவார். "தலையை நேரா வைங்க. வாயை மூடுங்க. சிரிக்காதீங்க." என் பெயரைச் சொன்னதைவிட அதிகமாக நான் சொன்ன வார்த்தைகள் இவைதான். வாழ்நாள் முழுவதும் மனிதர்களைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொண்டதற்கு யாராவது விருது கொடுப்பதாக இருந்தால் என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படிதான். ஜெராக்ஸ் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவே மிஞ்சிப்போன இடம் அது. நான் உள்ளே போக வேண்டுமென்றால் என் மனைவி வெளியே வர வேண்டும். அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்து, படங்களை அளவாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பாள். நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெருமை பேசுவேன்.

பெருமைக்குக் காரணம் என் கண். இளவயதில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தேன். பிரிண்டாகி வருகிற படங்களில் எதில் மஞ்சள் தூக்கல், எதில் சிவப்பு தூக்கல் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே ஒரு பூதக்கண்ணாடி, அதை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்ப்பேன். சொன்னால் சொன்னதுதான். அங்கேதான் எனக்குக் 'கழுகு' என்று பேர் வைத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஸ்டுடியோ போட்டுப் பிரிந்தார்கள். ஆனாலும் கலரில் சந்தேகம் வந்தால் படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் உடனே வாயைத் திறக்க மாட்டேன். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுப்பேன். சட்டை நுனியில் துடைப்பேன். கண்ணில் வைப்பேன். மூச்சைப் பிடிப்பேன். "சிவப்பு கொஞ்சம் தூக்கல்" என்பேன். இந்த மூன்று வார்த்தைக்காக அவர்கள் கைகட்டி நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் என் பழைய பிரிண்டர் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்க மனைவியையும் கூட்டிக்கொண்டு பெரிய கடைக்குப் போனேன். ரிப்பனைச் சூடாக்கிப் படம் போடுகிற மெஷின் ஒன்று இருந்தது. நாலு கலர் மை உள்ளது ஒன்று. ஆறு கலர் மை உள்ளது ஒன்று. விற்பனைப் பையனிடம் எனக்குப் பதில் தெரிந்த கேள்விகளாகப் பார்த்துக் கேட்டேன். பக்கத்தில் மனைவி நிற்கிறாள் அல்லவா. அவளோ கடையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆறு கலர் பிரிண்டரை எடுத்தேன். முகத்தின் நிறம் அதில்தான் இழைந்து வரும்.

"இதுல எங்க கம்பெனி ஒரிஜினல் இங்க் மட்டும்தான் சார் போடணும். வேற இங்க் போட்டா வாரண்டி கிடையாது. ஒரிஜினல் போட்டா படம் நூறு வருஷம் நிக்கும்" என்றான் பையன்.

நான் எடுக்கிற படம், எதிர்க்கட்டடத்து கிளார்க் அதன் தலையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற வரைக்கும் நின்றால் போதும். இதை அவனிடம் சொல்லவில்லை.

பிரிண்டர் வந்த அன்றே என் மச்சினனும் வந்துவிட்டான். என் மனைவியின் ஒரே தம்பி. வாயை வைத்தே பிழைக்கிறவன். வாட்டர் ஃபில்டர் விற்றான், போன் கவர் விற்றான். அப்போது பிரிண்டர் மையில் இறங்கியிருந்தான். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெரிய பை, அதற்குள் ஆறு கலரிலும் பாட்டில்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் ஆஜர். அக்காவும் தம்பியும் சமையலறையில் நின்றுகொண்டு என்னமோ பேசிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படி வாய்விட்டுச் சிரிப்பதை வாரத்தில் அந்த ஒருநாள்தான் கேட்க முடியும். அதனால் நானும் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துவிடுவேன்.

"மாமா, ஒரிஜினல் விலைல பாதிகூட கிடையாது. நீங்க போட்டுப் பாருங்க. நல்லாருக்குன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும். கழுகே சொல்லிடுச்சுன்னு எல்லா ஸ்டுடியோவும் வாங்கிடுவாங்க" என்றான்.

எங்கே சொறிந்தால் எனக்குச் சுகமாக இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் புது மையோ புதுப் பேப்பரோ வந்தால், நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றை அடித்துப் பார்ப்போம். என்னுடைய சோதனை முகம் என் மனைவி. அவளுடைய பழைய படம் ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. புது மைக்கெல்லாம் முதல் பலி அவள்தான். பச்சையாக, ஊதாவாக, செங்கல் நிறமாக அவள் ஒரு டிராயர் நிறையக் கிடக்கிறாள். மச்சினன் மையிலும் அவளை அடித்தேன். வாசல் வெளிச்சத்தில் அவள் கன்னத்தோடு படத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. "தேவலை" என்றேன். கழுகு சொன்ன வார்த்தை பறந்தது. எல்லா ஸ்டுடியோக்காரர்களும் வாங்கினார்கள். மச்சினன் ஒரு சின்ன இடம் வாடகைக்குப் பிடித்து போர்டுகூட மாட்டினான். என் மனைவி அந்த போர்டை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் நர்சிங் பள்ளிக்கூடத்து ஐடி கார்டு வேலை வந்தது. வரிசையாக வெள்ளை யூனிஃபார்ம். முதல் பிரிண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக இல்லை, மஞ்சளடித்தது. கம்ப்யூட்டரில் மஞ்சளைக் குறைத்தேன். திரும்பப் பார்த்தேன், இன்னும் குறைத்தேன். வெள்ளை வெளேரென்று வந்ததும் மொத்தத்தையும் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் வார்டன் அம்மா கவர்களோடு வந்து நின்றார்.

"எங்க பிள்ளைங்க நோயாளிங்களைப் பாத்துக்கப் போறவங்க. இந்த போட்டோவைப் பாத்தா நோயாளி எழுந்து ஓடிடுவான். எல்லாருக்கும் உதடு நீலமா இருக்கு."

கண்ணாடியைச் செருகிப் பார்த்தேன். எனக்குக் குறையே தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நீலமாத்தாங்க இருக்கு" என்றாள் என் மனைவி, வெட்டுவதை நிறுத்தாமல்.

கழுகு தப்பாகப் பார்க்குமா? பார்க்காது. அப்படியென்றால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. "மை மட்டம்மா. பிரிண்ட் போடும்போது ஒழுங்கா இருக்கும், காத்து பட்டதும் நீலம் ஏறிடும்" என்று பேராசிரியர் மாதிரி விளக்கினேன். அப்படி ஒரு விஷயம் உலகத்தில் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மச்சினனை வரவழைத்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். ஆள் இருந்ததால்தான் எனக்கு இன்னும் வேகம் வந்தது. அவனுடைய பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே நடைபாதையில் வைத்தேன். "இது மை இல்ல, தண்ணி" என்றேன்.

"மாமா, மத்த கடைக்காரங்க யாரும் குறை சொல்லலையே" என்றான் அவன்.

"அவங்களுக்கெல்லாம் கண்ணு ஏது?" என்றேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். அவன் குனிந்து பாட்டில்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் "தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நல்லாருக்கு என்று கழுகு சொன்னபோது வாங்கியவர்கள், தண்ணி என்று சொன்னதும் நிறுத்தினார்கள். நன்றாக இருந்த படத்திலும் அவர்களுக்கு நீலம் தெரிய ஆரம்பித்தது. மச்சினன் கடையின் ஷட்டர் பாதி இறங்கியே கிடப்பதாகச் சாவிக்கடைக்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் சமைத்திருந்தாள். மிஞ்சியதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், எனக்குக் குரல் பெரிது. அவள் சண்டையே போடவில்லை. சமையலறையில் சத்தம் இல்லாததால் பேப்பரை நான் உண்மையாகவே படிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் ஒரிஜினல் மை வாங்கிவிட்டேன். பளபளப்பான அட்டைப்பெட்டி, அதில் சீல், சீலுக்கு மேல் மினுக்குகிற ஸ்டிக்கர். கண்ணாடியில் பார்த்தேன். அதே மஞ்சள். அதே மாதிரி குறைத்தேன். ஒரு பெரியவர் தன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் இன்னும் சாகல" என்றார்.

ஒரிஜினல் மையிலும் நீலம் என்றால் மச்சினன் மேல் தப்பில்லை என்று ஒரு சாதாரண மனிதனுக்கு உறைத்திருக்கும். நான் பேப்பர் மேல் பழி போட்டேன். பேப்பரை மாற்றிப் பார்த்துவிட்டு டியூப்லைட் மேல் போட்டேன். பிறகு கரண்ட் மேல். ஒரு கட்டத்தில் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷினின் சூடுதான் காரணம் என்று அவரோடு வாய்த்தகராறு செய்தேன். இத்தனைக்கும் நடுவே, நான் டீ குடிக்கப் போன நேரங்களில் என் மனைவி எதையும் குறைக்காமல் கூட்டாமல் பட்டனைத் தட்டி அடித்துக் கொடுத்த படம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அது என் மூளையில் ஏறவே இல்லை.

கடைசியில் சோதனைப் படத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. பழைய படம் அல்லவா, புதிதாக எடுப்போம் என்று அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். "தலையை நேரா வை. சிரிக்காதே" என்றேன் பழக்கத்தில். அதற்கு அவசியமே இருக்கவில்லை. கேமராவில் கண்ணை வைத்தேன்.

மஞ்சள். நெற்றி மஞ்சள், கன்னம் மஞ்சள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சள்.

கேமராவை இறக்கிவிட்டேன். சில வாரங்களாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரவிக்கை தோளில் தொளதொளத்துக்கொண்டு இருந்தது. இவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? வரிசையில் இருந்தவர்களை ஜெராக்ஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. "என்ன பண்ணுது?" என்று அவளைக் கேட்டார்.

"இவளுக்கு மஞ்சள் காமாலை" என்றேன் நான்.

"அதை நான் சொல்லணும்" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. காமாலை எல்லாம் இல்ல."

"நல்லாப் பாருங்க டாக்டர். கலர் விஷயத்துல நான் தப்பு பண்ண மாட்டேன். எத்தனையோ வருஷமா இதுதான் என் தொழில்." சும்மா சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, துடைத்து, வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு என் மனைவியின் முகத்துக்கு நேரே குனிந்தேன். "பாருங்க, இங்கே எவ்ளோ மஞ்சள்."

டாக்டர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணாடியை எடுங்க. இப்போ வலது கண்ணை மூடிட்டு இடது கண்ணால அந்தச் சுவரைப் பாருங்க. என்ன கலர்?"

"வெள்ளை."

"இப்போ இடது கண்ணை மூடுங்க."

மூடினேன். டீ சிந்தித் துவைத்த துணி மாதிரி இருந்தது சுவர். கண்ணை மாற்றினேன், வெள்ளை. மாற்றினேன், டீ. மாற்றி மாற்றி நான் சுவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்ததில், ஊசி எடுத்துவைத்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"உங்க வலது கண்ணுல புரை நல்லா முத்தியிருக்கு" என்றார் டாக்டர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு. "கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், ஆபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும். உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. சாப்பாடு சரியா இறங்கலை, அவ்வளவுதான். மனசுல எதையாவது போட்டு குழப்பிக்கறீங்களாம்மா?"

அவள் "இல்ல டாக்டர்" என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. நான் தொழிலுக்காகப் பார்க்கிற எதையும் வலது கண்ணால்தான் பார்க்கிறேன். அந்தக் கண் மஞ்சளாகிவிட்டது. பார்த்த படத்திலெல்லாம் மஞ்சள் இருப்பதாக நினைத்து நான் உருவி எடுத்தேன், மற்றவர்கள் நீலமாகிப்போனார்கள். ஒரிஜினலும் யோக்கியம், பாட்டிலும் யோக்கியம். கலப்படம் என் கண்ணில்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

"உங்க கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாம். என் தம்பி கடைக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?"

அவன் மை நல்லது என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். ஏன் அப்போது தண்ணி என்றாய் என்று கேட்பார்கள். கண்ணில் புரை என்று சொல்ல வேண்டும். கண்ணில் புரை விழுந்த போட்டோக்காரனிடம் எவன் படம் எடுக்க வருவான், எவன் கலர் கேட்க வருவான்? சொன்னால் என் பிழைப்பு, சொல்லாவிட்டால் அவன் பிழைப்பு. வீரனைப் போல முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், இரண்டுக்கும் நடுவே நழுவிப்போக ஒரு சந்து கிடைக்குமா என்றுதான் வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

சந்து கிடைத்ததாகவும் நினைத்தேன். மறுநாள் மச்சினன் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மறுபடி போன் கவர் விற்கப் போகிறானாம். நான் குனிந்து உள்ளே நுழைந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன் மை இப்போ கொஞ்சம் தேறிட்ட மாதிரி இருக்கு, மாப்ள. புதுச் சரக்கா?" என்றேன்.

"நீங்கதான் அன்னைக்கே எல்லாத்தையும் வெளியே வெச்சிட்டீங்களே மாமா. எங்கே பாத்தீங்க?" என்றான்.

அசடு வழிந்தது. இனி ஒளிய இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காமாலையையும் சொன்னேன், சுவருக்குக் கண்ணடித்ததையும் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கண்ணு மாமா? வலிக்குதா?" என்று கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வா, வண்டியை எடு" என்றேன். "முதல்ல லேப்காரன் ஸ்டுடியோவுக்குப் போலாம்."

லேப்காரன் அந்தக் கலர் லேபில் என்னோடு வேலை பார்த்தவன், எனக்குக் கழுகு என்று பேர் வைத்தவன். அவன் எதை வாங்கினாலும் மற்றவர்களும் அதை வாங்குவார்கள். மை பாட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்டுடியோவில் அவனைத் தவிர இன்னும் இரண்டு ஸ்டுடியோக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படியே திரும்பிவிடலாம் போல இருந்தது. மச்சினன் அதைக் கண்டுபிடித்துவிட்டான் போல, எனக்கு முன்னால் முந்திக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணுமில்ல. அன்னைக்கு மாமா கண்ணுல ஏதோ தூசி. அதுல கலர் மாறித் தெரிஞ்சிருக்கு. இப்போ சரியாயிடுச்சு" என்றான்.

நடைபாதையில் அவன் பாட்டில்களை வரிசையாக வைத்தவன் நான். அவன் என் மானத்தை மூடுவதற்குத் துணி தேடிக்கொண்டிருக்கிறான்.

"தூசி இல்ல, புரை" என்றேன். "வலது கண்ணு முழுக்கப் புரை. இவன் மைல ஒரு குறையும் இல்ல. ஒரிஜினல்லயும் நான் எல்லாரையும் நீலமாத்தான் அடிச்சேன். தண்ணின்னு சொன்னது தப்பு. ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. லேப்காரன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். நக்கலாக ஏதோ வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவன் இடது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கண்ணை மூடினான். மறுபடி இடது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே செய்தார்கள்.

"அந்த டாக்டர் எங்கே இருக்காங்க?" என்று லேப்காரன் மெதுவாகக் கேட்டான். சொன்னேன். அதன் பிறகு, "சரி, ஒரிஜினலுக்கும் உன் மச்சான் இங்க்குக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?" என்றான்.

"ஆபரேஷன் முடிஞ்சு சொல்றேன். அதுவரைக்கும் நீயே ரெண்டு கண்ணாலயும் பாத்து முடிவு பண்ணு."

மூன்று பேரும் ஆளுக்கொரு செட் எடுத்து வைக்கச் சொன்னார்கள். எனக்கும் ஒரு செட் வேண்டும் என்று நானும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பி மச்சினன் வண்டியிலேயே வந்தேன். சிக்னலில் வண்டியை நிறுத்தியதும், முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வழக்கம்போலத்தான் சமைக்கிறாளா மாமா?"

"வழக்கம்போலத்தான். நீ வராத ஞாயித்துக்கிழமையும் அவ்வளவுதான் சமைச்சா" என்றேன்.

பச்சை விழுந்த பிறகும் அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தான்.